சராசரியும் பரவலும்: மகசூல் கணக்கைப் படமாக வரைந்து காணும் முறை

கண்டமங்கலம் வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்த தை மாதத்தில் ஏதேனும் ஒரு கிராமத்துக்குச் சென்று, "இவ்வருஷம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது?" என்று வினவினால் ஒரே விடை கிடைப்பதில்லை. ஏரியின் தலைமடையில் நிலமுடையவர் ஒரு கணக்குச் சொல்லுவார். கடைமடைக்காரர் அதிற் பாதியும் தேறவில்லை என்பார். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் இவ்விருவர் சொன்னதையும் ஒப்பமாட்டார். மூவர் சொல்லுவதும் மெய்யே. ஆனால் கிராமக் கணக்கில் ஏறுவது மூன்று எண்கள் அல்ல, ஒரே எண். அதற்குத்தான் சராசரி என்று பெயர்.

சராசரியைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு ஜில்லாவில் எவ்வளவு நெல் விளைந்தது, எவ்வளவு தானியம் வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டும் என்பவற்றை அறிய அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆயினும் சராசரி என்பது பல எண்களைக் கூட்டி வகுத்தெடுத்த ஓர் எண்ணேயன்றி எவருடைய வயலிலும் விளைந்த நெல் அன்று. சில சமயங்களில் கிராமத்தில் ஒருவருமே அந்த அளவு கண்டிருக்கமாட்டார்கள். அத்தகைய இடங்களில் சராசரியை மாத்திரம் பார்த்துத் தீர்ப்புச் செய்தால், நஷ்டப்பட்டவன் நஷ்டப்படாதவனாகக் கருதப்படுவான். ஆகையால் மகசூல் எண்கள் எங்கெங்கே நெருங்கியும் எங்கெங்கே விலகியும் கிடக்கின்றன என்பதைக் கண்ணாற் காணும் வழியொன்று வேண்டும். புள்ளியியலார் அதை அடர்த்திப் படம் என்பர். அதனை வரையும் விதமும், அதில் ஏமாறாதிருக்கும் விதமும் கீழே விவரிக்கப்படுகின்றன.

இரண்டு கிராமங்கள்

விஷயம் விளங்கும்பொருட்டு, இருபது இருபது வயல்களுள்ள இரண்டு கிராமங்களைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். எல்லா வயல்களும் ஒரே பரப்புள்ளவை. எண்கள் யாவும் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்னும் கணக்கு.

முதற் கிராமத்தில் கடைமடை வயல்கள் பத்து. அவற்றின் மகசூல் 8, 9, 10, 11, 11, 11, 12, 12, 13, 13. தலைமடை வயல்கள் பத்து. அவற்றின் மகசூல் 26, 27, 28, 28, 29, 29, 30, 30, 31, 32. இருபதையும் கூட்டினால் 400. சராசரி 20 மூட்டை.

இரண்டாங் கிராமத்தில் எல்லா வயல்களுக்கும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே சீராகப் பாய்கிறது. மகசூல் 15, 16, 17, 18, 18, 19, 19, 19, 20, 20, 20, 20, 21, 21, 21, 22, 22, 23, 24, 25. இவற்றையும் கூட்டினால் 400. சராசரி இங்கும் 20 மூட்டையே.

ரிஜிஸ்டரில் இவ்விரு கிராமங்களுக்கும் யாதொரு வித்தியாசமும் இல்லை. உண்மையிலோ, இரண்டாங் கிராமத்துக் குடியானவர்களிற் பெரும்பாலார் 20 மூட்டைக்கு அண்மையில் நிற்கிறார்கள். முதற் கிராமத்தில் 13 மூட்டைக்கும் 26 மூட்டைக்கும் இடையே ஒரு வயலும் இல்லை. 20 மூட்டை கண்டவர் ஒருவரைக் காட்டு என்றால் எவரைக் காட்டுவது?

இதனால் குடியானவனுக்கு வரும் நஷ்டம்

2016ஆம் வருஷம் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பரவலான சேதத்துக்குரிய இழப்பீடு ஒவ்வொருவர் வயலையும் தனித்தனியே அளந்து தீர்மானிக்கப்படுவதில்லை. தமிழ்நாட்டில் நெற்பயிருக்கு வருவாய்க் கிராமமே அலகு. முந்திய 7 வருஷங்களுள் சிறந்த 5 வருஷங்களின் சராசரி மகசூலை எடுத்து, ஒப்புக்கொண்ட விகிதத்தால் பெருக்கி, உத்தரவாத மகசூல் நிச்சயிக்கப்படும். நடப்பு வருஷத்தின் கிராமச் சராசரி அதற்குக் குறைந்தால், குறைந்த விகிதப்படி காப்பீடு செய்த அனைவருக்கும் தொகை உண்டு. குறையாவிட்டால் ஒருவருக்கும் இல்லை.

நம் உதாரணத்தில் இரு கிராமங்களுக்கும் உத்தரவாத மகசூல் 16 மூட்டை என்று கொள்வோம். சராசரி 20 ஆகையால் இரண்டிலும் இழப்பீடு இல்லை. இரண்டாங் கிராமத்தில் 16 மூட்டைக்குக் குறைவாகக் கண்டவர் ஒருவரே. அவருக்கும் குறை ஒரு மூட்டைதான். முதற் கிராமத்திலோ 16க்குக் குறைந்தவர் பத்துப் பேர். பாதிக் கிராமம் நஷ்டத்தில் இருக்க, சராசரி "குறைவில்லை" என்று சொல்லிவிடுகிறது.

இதனோடு நிற்கவில்லை. கிராமச் சராசரி என்பது எல்லா வயல்களையும் அறுத்து எடுத்ததன்று. பயிர் அறுவடைப் பரிசோதனை என்னும் முறைப்படி, குலுக்கல் போன்ற வகையில் தேர்ந்த சில வயல்களில் மாத்திரம் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, கயிறு கட்டி, அதிலுள்ள பயிரை அறுத்து, அடித்து, நிறுத்துக் கணக்கிடுகிறார்கள். அச்சதுரம் ஏக்கரில் 160ல் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கிராமம் அலகாயுள்ள முக்கியப் பயிருக்கு இத்திட்டத்தில் விதிக்கப்பட்ட குறைந்த அளவு 4 பரிசோதனைகள்.

நான்கு வயல்களைத் தேர்ந்தால் என்னவாகும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டாங் கிராமத்தில் மிகத் தாழ்ந்த நான்கு வயல்களே அகப்பட்டாலும் சராசரி 16.5, மிக உயர்ந்த நான்கே அகப்பட்டாலும் 23.5. எப்படிக் குலுக்கினாலும் உண்மையிலிருந்து மூன்றரை மூட்டைக்குமேல் விலகுவதில்லை. முதற் கிராமத்திலோ மிகத் தாழ்ந்த நான்கு அகப்பட்டால் 9.5, மிக உயர்ந்த நான்கு அகப்பட்டால் 30.75. இருபது வயல்களில் நான்கைத் தேர்வதற்கு 4,845 வழிகள் உண்டு. அவற்றுள் 1,410 வழிகளில் மூன்று வயல்களோ நான்குமோ கடைமடையாக அமையும். அதாவது ஏறக்குறைய 10க்கு 3 பங்கு. மூன்று கடைமடையும் ஒரு தலைமடையும் வந்தால் சராசரி சுமார் 15.5க்கு வந்து, உத்தரவாத மகசூலாகிய 16ஐ ஒட்டி நிற்கும். எனவே அக்கிராமத்துக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பதை நிலமும் மழையும் தீர்மானிப்பதை விடக் குலுக்கலே தீர்மானிக்கிறது எனலாம். பரவலின் வடிவத்தை முன்கூட்டியே பார்த்திருந்தால், தலைமடையையும் கடைமடையையும் இரண்டு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே வயல்களைத் தேர்ந்திருக்கலாம். இவ்வாறு வகுப்புப் பிரித்து மாதிரி எடுப்பது புள்ளியியலார் நெடுநாளாக அறிந்த முறையே.

பரிசோதனை வந்த வரலாறு

அறுவடைச் சோதனைகளைக் குலுக்கல் முறையோடு இணைத்தவர்களுள் நம் நாட்டில் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் ஹப்பக் என்னும் சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தர். பீஹார் ஒரிஸ்ஸா மாகாணத்தில் 1923 முதல் 1925 வரை நெல் வயல்களில் சிறு சிறு பகுதிகளை அறுத்து எடைபார்த்து, அதன் முறையை 1927ல் பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடாக எழுதினார். அதுகாறும் கண்பார்வையாக "இத்தனை அணா மகசூல்" என்று மதிப்பிடுவதே வழக்கம். 1931ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மஹலனோபிஸ், வங்காளத்துச் சணற்பயிருக்கும் நெல்லுக்கும் மாதிரிச் சோதனையைப் பேரளவில் நடத்தினார். விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலில் இருந்த சுகாத்மே, மிகச் சிறிய சதுரங்களை அறுத்தால் ஓரத்துப் பயிர்கள் உள்ளே சேர்ந்து மகசூல் மிகையாகத் தோன்றும் என்று 1946ல் எடுத்துக் காட்டினார். இவ்விருவருக்கும் சதுரத்தின் அளவைப் பற்றி நேர்ந்த வாதம் நம் நாட்டுப் புள்ளியியல் வரலாற்றில் பிரசித்தமானது.

வாதம் சதுரத்தைப் பற்றி நிகழ்ந்ததே ஒழிய, எண்களைச் சேகரிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. சேகரித்த எண்களைச் சராசரியாக்கிவிட்டு மற்றவற்றை மூட்டை கட்டி வைத்துவிடுவதுதான் இன்று நாம் செய்யும் பிழை.

கட்டங் கட்டிப் பார்த்தலும் அதன் குறையும்

பரவலைக் காண எளிய வழி செவ்வகப் படம். மகசூலைச் சம அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வயல்கள் விழுகின்றன என்று எண்ணி, அத்தனை உயரத்துக்குச் செவ்வகம் எழுப்புவது. கார்ல் பியர்சன் என்னும் ஆங்கில அறிஞர் 1890களில் இப்படத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை இட்டார். பள்ளிப் பாடங்களிலும் இது உண்டு.

முதற் கிராமத்து எண்களை 10 மூட்டை அகலமுள்ள கட்டங்களில் இடுவோம். 0 முதல் 9 வரை 2 வயல்கள். 10 முதல் 19 வரை 8. 20 முதல் 29 வரை 6. 30 முதல் 39 வரை 4. படத்தைப் பார்த்தால் நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த ஒரே குன்று. கிராமம் சீராக விளைந்ததென்றே எவரும் எண்ணுவர். நடுவே 13 முதல் 26 வரை வெறுமையாய்க் கிடந்த பள்ளம் மறைந்துபோயிற்று.

அதே 10 மூட்டை அகலத்தை வைத்துக்கொண்டு, தொடக்கத்தை மாத்திரம் 5க்கு மாற்றுவோம். 5 முதல் 14 வரை 10 வயல்கள். 15 முதல் 24 வரை ஒன்றுமில்லை. 25 முதல் 34 வரை 10. இப்போது இரண்டு கோபுரங்களும் நடுவே ஒரு வெளியும் தெரிகின்றன.

எண்கள் மாறவில்லை, அகலமும் மாறவில்லை. கோடு எங்கே தொடங்கிற்று என்பது ஒன்றே மாறிற்று. அதனால் கிராமத்தின் தோற்றமே தலைகீழாயிற்று. கட்டம் போடுகிறவரின் கையில் இத்தனை அதிகாரம் இருப்பது நன்றன்று. அடர்த்திப் படம் தோன்றியதற்குக் காரணங்களுள் இக்குறையும் ஒன்று.

மணற்குவியல் முறை

அடர்த்திப் படத்தின் தத்துவத்தைக் களத்து மண்ணிலேயே செய்து காட்டலாம். பெருக்கிய களத்தில் நேர்கோடு ஒன்று இழுத்து, சாணுக்கு ஒன்றாக 0 முதல் 40 வரை அடையாளம் இடுக. சலித்த ஈர மணலையும் ஒரு படியையும் எடுத்துக்கொள்க. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு படி மணல். 8 மூட்டை கண்ட வயலுக்கு 8ஆம் அடையாளத்தில் ஒரு படியைக் குவியலாகக் கொட்டுக. குவியல் நடுவில் உயர்ந்து இருபக்கமும் சரிந்திருக்கும். இவ்வாறே இருபது வயல்களுக்கும் கொட்டுக. அண்மையிலுள்ள எண்களின் குவியல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடாகும். எண்கள் இல்லாத இடத்தில் தரை தெரியும். கடைசியில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் மணலின் மேல்விளிம்பு ஒரு வளைகோடாகக் காணும். அதுவே அடர்த்தி வளைவு.

இங்கே கட்டமும் இல்லை. கட்டம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியும் இல்லை. ஒவ்வொரு வயலும் தன் இடத்திலேயே தன் குவியலை வைக்கிறது. மணலின் மொத்தம் எப்போதும் மாறாது. ஆகையால் 100 வயலுள்ள கிராமத்தையும் 20 வயலுள்ள கிராமத்தையும் ஒப்பிட விரும்பினால், இரண்டுக்கும் மொத்த மணல் ஒன்றாயிருக்கும்படி படியின் அளவைக் குறைத்துக் கொள்ளலாம். கணித சாஸ்திரிகள் "வளைவின் கீழ்ப் பரப்பு ஒன்று" என்று கூறுவதன் பொருள் இதுதான். இம்முறையைக் கணித வடிவில் ஆராய்ந்து நிலைநாட்டியவர்கள் அமெரிக்கராகிய ரோஸன்பிளாட்டும் பார்ஸனும். முன்னவர் கட்டுரை 1956லும் பின்னவர் கட்டுரை 1962லும் வெளிவந்தன.

மணல் இல்லாமல் கட்டத்தாளிலும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு வயலுக்கும் அதன் எண்ணில் 3 பங்கு, ஓர் எண் தள்ளி இருபுறமும் 2 பங்கு, இரண்டு எண் தள்ளி இருபுறமும் 1 பங்கு வைக்க. ஒரு வயலுக்கு ஆகும் பங்குகள் 9. இருபது வயலுக்கு 180. முதற் கிராமத்தில் 11 மூட்டை என்னும் இடத்தில் எத்தனை பங்கு சேரும்? 9 மூட்டை வயலிலிருந்து 1. 10 மூட்டை வயலிலிருந்து 2. 11 மூட்டை வயல்கள் மூன்றிலிருந்து 9. 12 மூட்டை வயல்கள் இரண்டிலிருந்து 4. 13 மூட்டை வயல்கள் இரண்டிலிருந்து 2. ஆக 18. 180ல் 18 என்பது பத்தில் ஒரு பங்கு. அதுவே அவ்விடத்தின் அடர்த்தி.

இவ்வண்ணம் ஒவ்வோரிடத்துக்கும் கணக்கிட்டால் 10ல் 14 பங்கும், 12ல் 17 பங்கும், 13ல் 13 பங்கும், 14ல் 6 பங்கும், 15ல் 2 பங்கும் வரும். 16 முதல் 23 வரை ஒரு பங்கும் இல்லை. பிறகு 24ல் 1, 25ல் 3 என்று ஏறி 29ல் 16 ஆகும். இப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு குன்றுகளும் நடுவே வெறுந்தரையும் தோன்றும். சராசரியாகிய 20 அந்த வெறுந்தரையின்மேல் நிற்பதைச் சிறு பிள்ளையும் காணலாம்.

குவியலின் அகலமே பிரதானம்

கட்டத்தின் குறை நீங்கிற்றென்று மகிழ்வதற்குள் வேறொரு குறை வந்து நிற்கிறது. அது குவியலை எவ்வளவு அகலமாகப் பரப்புவது என்பது. மணலைக் கூர்மையாகக் கொட்டினால் ஒவ்வொரு வயலும் தனி ஊசியாக நிற்கும். எண்களைப் பட்டியலாகப் படிப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. மிக அகலமாகப் பரப்பினாலோ எல்லாம் ஒன்றாய்க் கலந்துவிடும்.

இதையும் எண்ணிப் பார்க்கலாம். முதற் கிராமத்தில் ஒவ்வொரு வயலுக்கும் அதன் எண்ணில் 10 பங்கு வைத்து, ஒவ்வோர் எண் தள்ளவும் ஒவ்வொரு பங்கு குறைத்து வருக. 11ஆம் இடத்தில் 88 பங்கு சேரும். 20ஆம் இடத்தில் 26 பங்கு சேரும். ஒரு வயலும் இல்லாத பள்ளத்தில் குன்றின் உயரத்தில் 3ல் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய மணல் ஏறிவிட்டது. இன்னும் அகலமாக, எண்ணில் 20 பங்கு வைத்து ஒவ்வொன்றாகக் குறைத்து வந்தால், 11ல் 209 பங்கு, 29ல் 207 பங்கு, 20ல் 220 பங்கு. அதாவது வயல்கள் நெருங்கியிருக்கும் இடங்களைவிட, வயலே இல்லாத இடம் உயர்ந்து காண்கிறது. சராசரி சொன்ன பொய்யையே படமும் சொல்லத் தொடங்கிவிட்டது.

இக்காலத்தில் விவசாயக் கல்லூரி மாணவர்களும் இலாகா உத்தியோகஸ்தர்களும் இப்படத்தைக் கணிப்பொறியில் ஒரு நொடியில் வரைந்துவிடுகிறார்கள். கணிப்பொறி, அகலம் இன்னதென்று சொல்லாவிட்டால், தானே ஒரு சூத்திரத்தைக் கொண்டு நிச்சயித்துக்கொள்ளும். அச்சூத்திரங்களுள் பெரிதும் வழங்குபவை பரவல் ஒரே குன்றாக இருக்கும் என்ற எண்ணத்தின்மேல் ஏற்பட்டவை. நம் முதற் கிராமம் போன்ற இருகுன்றுப் பரவலுக்கு அவை வேண்டியதற்கு மேலான அகலத்தைக் கொடுத்துப் பள்ளத்தைத் தூர்க்கும் தன்மை உடையவை. ஆகையால் ஒரே படத்தோடு நின்றுவிடாமல், குறுகிய அகலத்தில் ஒன்றும், நடுத்தர அகலத்தில் ஒன்றும், பரந்த அகலத்தில் ஒன்றுமாக மூன்று படங்கள் வரைந்து ஒப்பிட்டுப் பார்ப்பது உத்தமம். மூன்றிலும் நிற்கும் குன்றே நம்பத்தக்க குன்று. அகலத்தைச் சிறிது மாற்றினவுடன் மறையும் மேட்டை நம்பிக் காரியம் செய்யலாகாது. படத்தின் அடியில் எண்களின் தொகையையும் எடுத்துக்கொண்ட அகலத்தையும் தவறாமல் குறித்தல் வேண்டும்.

நண்டும் நிலக்கடலையும்

இரு வகை கலந்திருப்பதைப் பரவலின் வடிவத்தால் கண்டுபிடிப்பது புதிய யோசனையன்று. இங்கிலாந்தின் வெல்டன் என்னும் உயிரியல் அறிஞர், இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவில் பிடித்த 1,000 பெண் நண்டுகளை அளந்து 1893ல் வெளியிட்டார். அவ்வளவுகளில் ஒன்று மட்டும் ஒருபுறம் சாய்ந்த வடிவில் வந்தது. முன்சொன்ன கார்ல் பியர்சன் 1894ல் அவ்வளைவை இரண்டு வளைவுகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டினார். இரண்டு இனம் கலந்திருந்தால் இத்தகைய வடிவம் பிறக்கக்கூடும் என்பது அதன் கருத்து.

நண்டுக்கு ஏற்பட்ட யோசனை நிலக்கடலைக்கும் பயன்படும். நம் பக்கத்துக் குடியானவர்களுக்குத் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் பழக்கமானது. அங்கே தேர்ந்து 1940ல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 என்னும் கொத்து ரகம் நம் மாகாணத்துக்கு வெளியிலும் நெடுங்காலம் பயிரிடப்பட்டது. அப்பெயரில் உள்ள மூன்றெழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பனவே. விதைக் கடலை கலப்பின்றி இருக்கிறதா என்று அறிய விரும்புகிறவர், வயலின் பல பாகங்களிலிருந்தும் குறிவைக்காமல் 100 செடிகளைப் பிடுங்கி, செடிக்கு எத்தனை காய் என்று எண்ணி, அவ்வெண்களுக்கு அடர்த்திப் படம் வரைந்து பார்க்கலாம். ஒரே குன்றாக வந்தால் ஐயத்துக்கு இடம் குறைவு. இரண்டு குன்றுகள் தெளிவாகத் தோன்றினால், விதைக் கலப்போ, வயலின் ஒரு பாகத்தில் மண் வேறுபாடோ, நோயோ, தண்ணீர்க் குறைவோ ஏதோ ஒன்று உண்டு. இன்னதென்று படம் சொல்லாது. வயலுக்குத் திரும்பிப் போய்ப் பார் என்று மாத்திரம் சொல்லும். அதுவே பெரிய உதவி.

இதற்காகச் செடிகளைப் பிடுங்கும்போதே ஒவ்வொன்றும் வயலின் எப்பாகத்திலிருந்து வந்ததென்று குறித்து வைப்பது நலம். தாழ்ந்த குன்றிலுள்ள செடிகள் யாவும் ஒரே மூலையிலிருந்து வந்திருந்தால் குற்றம் மண்ணுடையதாகவோ நீருடையதாகவோ இருக்கலாம். வயல் முழுவதிலும் சிதறி வந்திருந்தால் விதையைச் சந்தேகிக்கலாம்.

மழைக் கணக்கு

பரவலை மறந்து சராசரியை நம்புவதால் வரும் கேடு மழை விஷயத்தில் இன்னும் தெளிவு. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைச் சராசரி சுமார் 44 செ.மீ. 2016ல் பெய்தது சுமார் 17 செ.மீ.; சராசரிக்கு 62 சதவிகிதம் குறைவு. 2024ல் பெய்தது சுமார் 59 செ.மீ.; சராசரிக்கு 33 சதவிகிதம் அதிகம். 44 செ.மீ.யை நம்பிப் பயிர் வைப்பவர் இவ்விரு வருஷங்களிலும் ஏமாந்திருப்பார்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 1ஆம் தேதி காலை வரையிலான ஒரு நாளில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி ஒரே நாளில் கொட்டிற்று. நாள்வாரி மழைக்கு அடர்த்திப் படம் வரைந்தால் பூஜ்யத்தை ஒட்டிச் செங்குத்தான ஒரு மேடும், வலப்புறம் மிக நீண்டு மெலிந்த வாலும் தோன்றும். அவ்வாலின் நுனியில் கிடக்கும் ஒற்றை மணற்குவியலே அப்புயல் நாள். சராசரியில் அது கரைந்துவிடும், படத்தில் கரையாது. வடிகாலும் வரப்பும் எவ்வளவுக்குத் தாங்க வேண்டும் என்பதை வாலைப் பார்த்து யோசிக்க வேண்டுமேயன்றிச் சராசரியைப் பார்த்தல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூஜ்யத்தில் கொட்டிய மணலில் ஒரு பாதி இடப்புறமாகச் சரிந்து பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். பூஜ்யத்துக்குக் கீழே மழை பெய்வதில்லை, மகசூலும் இல்லை. ஆகையால் பூஜ்யத்தில் ஒரு பலகையை நிறுத்தி, அப்புறம் சரியும் மணலை இப்புறமே மடக்கிப் போடவேண்டும். கணிப்பொறிக்கும் இதைச் சொல்லித்தான் செய்விக்க வேண்டும். மழையில்லாத நாட்களைத் தனியே எண்ணி வைத்துவிட்டு, மழை பெய்த நாட்களுக்கு மாத்திரம் படம் வரைவதும் நல்ல வழியே.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, நான்கைந்து எண்களைக் கொண்டு அடர்த்திப் படம் வரையலாகாது. கணிப்பொறி வரைந்துதான் கொடுக்கும். ஆனால் அது அழகிய கோடேயன்றி அறிவன்று. இருபது முப்பது எண்களாவது இருந்தால் ஒருவாறு வடிவம் தெரியும். நூறு இருந்தால் நம்பிக்கை கொள்ளலாம்.

இரண்டாவது, வயல்களின் பரப்பு ஒன்றுபோல இராது. அரை ஏக்கர்க்காரருக்கும் ஐந்து ஏக்கர்க்காரருக்கும் ஆளுக்கு ஒரு படி மணல் வைக்கலாமா என்பது கேள்வியைப் பொறுத்தது. கிராமத்து நிலம் எப்படி விளைந்தது என்பது கேள்வியானால் ஏக்கருக்குத் தக்கபடி மணலை அளந்து கொட்டுக. எத்தனை குடும்பங்கள் நஷ்டப்பட்டன என்பது கேள்வியானால் குடும்பத்துக்கு ஒரு படி. இவ்விரண்டையும் குழப்பினால், சிறுநிலக்காரரின் கஷ்டம் பெருநிலக்காரரின் மகசூலில் மறைந்துபோகும்.

மூன்றாவது, மூட்டை என்னும் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். எடையைக் கிலோவாக மாற்றி, ஈரப்பதத்தையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே எண்களைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் தோன்றும் இரண்டாங் குன்று மூட்டையின் அளவால் பிறந்ததாயிருக்கும்.

நான்காவது, புதிய ரகமோ எருவோ "சராசரியாக ஏக்கருக்கு இத்தனை மூட்டை அதிகம் தரும்" என்று கூறப்பட்டால், அந்தச் சராசரிக்குப் பின்னாலுள்ள பரவலைக் கேட்டுத் தெரிந்துகொள்க. எல்லா வயல்களும் சிறிது சிறிது உயர்ந்தனவா, அல்லது நீர் நிறைந்த சில வயல்கள் மிக உயர்ந்து மற்றவை தாழ்ந்தனவா என்பதைப் படமே சொல்லும். மானாவாரி நிலத்தில் அந்த ரகத்தை நம்பிக் கடன் வாங்குகிறவருக்கு இவ்வித்தியாசம் ஜீவாதாரமானது.

செய்யத்தக்கது

கண்டமங்கலம் வட்டாரம் சிறிதாயினும் அங்கே ஏரிப் பாசனமும், கிணற்றுப் பாசனமும், மானாவாரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் சவுக்கும் அடுத்தடுத்த வயல்களில் நிற்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் ஒரே எண் எல்லோரையும் பிரதிநிதிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஒவ்வொரு கிராமத்திலும் படித்த இளைஞர் ஒருவர் முயன்றால், அறுவடைக் காலத்தில் முப்பது நாற்பது குடியானவர்களின் மகசூலையும், வயல் எந்த மடையில் உள்ளது என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கலாம். ஒரு கட்டத்தாளும் பென்சிலும் போதும். வருஷந்தோறும் ஒரு படம் சேர்த்துக்கொண்டு வந்தால், ஐந்தாறு வருஷங்களில் எந்த மடை என்றும் தாழ்ந்த குன்றில் விழுகிறதென்பது வெளிப்படும். வாய்க்காலைத் தூர்வாரக் கோருவதற்கும், பரிசோதனை வயல்களை மடைவாரியாகப் பிரித்துத் தேரும்படி விண்ணப்பிப்பதற்கும் அதைவிட வலிய சாட்சியம் வேண்டுவதில்லை.

கடைமடைக்காரர் தம் குறையைச் சொல்லும்போது, "கிராமச் சராசரி நன்றாகத்தானே இருக்கிறது?" என்று விடை பெறுவது வழக்கமாயிருக்கிறது. அடுத்த முறை அவர் தம் கையிலுள்ள படத்தை விரித்து, நடுவிலுள்ள பள்ளத்தைக் காட்டி, "தாங்கள் சொல்லும் சராசரி இங்கே நிற்கிறது, இவ்விடத்தில் எங்களுள் யாருடைய வயல் இருக்கிறது?" என்று கேட்கலாம்.